வண்டியின் இரண்டு பூட்டுகள்

பாலக்காட்டு மாவட்டத்தில் நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தே அமைந்துள்ளது முதலமடை. மாந்தோப்புகளுக்குப் பேர்பெற்ற இவ்வூரில், பிற இடங்களில் மாங்காய் முற்றுவதற்கு முன்னரே, ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே அறுவடை தொடங்கிவிடும். அக்காலத்தில் தோப்புக்கும் சந்தைக்குமாகச் சிறு சரக்கு வண்டிகளும் பழைய ஜீப்புகளும் ஓயாது ஓடுகின்றன. இத்தகைய ஊரில் வண்டி என்பது ஆடம்பரம் அன்று. கடன்பட்டு வாங்கிய பிழைப்பு. கோவிந்தாபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ சென்றால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். நள்ளிரவில் களவு போன வண்டி விடியுமுன் வேறொரு மாநிலத்தில் இருக்கக்கூடும். ஆதலின், வண்டியைக் காக்கும் பூட்டுகளைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது நலம்.

இக்கால மோட்டார் வண்டியில் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று கதவைக் காப்பது. மற்றொன்று என்ஜினைக் காப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே நம்மிற் பலர் செய்யும் பிழை.

முதலில் கதவுப் பூட்டைக் காண்போம். ‘சென்ட்ரல் லாக்’ என்று வழங்கும் இவ்வமைப்பில், ஒவ்வொரு கதவின் உள்ளேயும் கைக்கு அடக்கமான ஒரு மின் மோட்டார் இருக்கிறது. ஓட்டுநர் பூட்டியவுடன், வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லா மோட்டார்களுக்கும் ஒரே வேளையில் மின்சாரம் அனுப்புகிறது. மோட்டார் சுழன்று தாழ்க்கோலைத் தள்ளுகிறது. கதவின் கீல் அருகே காணப்படும் ரப்பர்க் குழாய்க்குள் செல்லும் கம்பிகளே இம்மின்சாரத்தைக் கொண்டு செல்பவை. கதவைப் பலமுறை திறந்து மூடுவதால் அக்கம்பிகள் அறுந்துபோவதுண்டு. ஒரு கதவு மட்டும் பூட்டிக்கொள்ளாதிருப்பின் முதலில் அவ்விடத்தையே ஆராய வேண்டும்.

தொலைவிலிருந்து பூட்டும் சாவியோ சிறியதொரு வானொலி நிலையம். பொத்தானை அழுத்தியதும் அது வானலை வழியே ஓர் எண்ணை அனுப்புகிறது. எந்நாளும் ஒரே எண்ணை அனுப்பினால், அருகில் மறைந்திருப்பவன் அதைப் பதிவு செய்துகொண்டு பின்னர் அவ்வெண்ணாலேயே கதவைத் திறந்துவிடலாம் அன்றோ? அதனைத் தடுக்கவே, நல்ல அமைப்புகளில் ஒவ்வொரு முறையும் எண் மாறுகிறது. அடுத்து வரத்தக்க எண் எது என்பதைச் சாவியும் வண்டியும் ஒரே கணக்கின்படி அறியும். ஒருமுறை பயன்பட்ட எண் மறுமுறை செல்லாது.

எனினும், கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைபவனை இப்பூட்டு என் செய்யும்? இங்கேதான் இரண்டாம் பூட்டாகிய இம்மொபிலைசரின் பணி தொடங்குகிறது. சாவியின் தலைப்பகுதியில் மிகச் சிறிய சில்லு ஒன்று பதிந்திருக்கிறது. இதற்கு மின்கலம் தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள், ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது. அப்புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. பின்னர் வண்டி ஒரு வினா எண்ணை அனுப்பும். சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடை அனுப்பும். விடை சரியாயின் என்ஜின் ஓடும். தவறாயின், சாவி திரும்பினாலும் எரிபொருளோ தீப்பொறியோ என்ஜினுக்குக் கிட்டாது. இரும்புச் சாவியைப் போல வெட்டிக்கொள்வது எளிது. இரகசிய எண்ணைப் பெறுவது அவ்வளவு எளிதன்று.

இதன் அருமையை அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்று காட்டுகிறது. அங்கு விற்பனையான 2015-ஆம் ஆண்டு வண்டி வகைகளில், பிற நிறுவனங்களின் வகைகளுள் 96 விழுக்காட்டில் இம்மொபிலைசர் இயல்பாகவே அமைந்திருந்தது. ஹூண்டாய், கியா ஆகியவற்றின் வகைகளிலோ 26 விழுக்காட்டில்தான் அது இருந்தது. 2021-க்குப் பின், இக்குறையை இளைஞர் சிலர் சமூக ஊடகங்களில் பரப்பவே, அவ்வண்டிகள் பெருமளவில் களவாடப்பட்டன. அண்டை நாடான கனடாவிலோ 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு இப்பூட்டு கட்டாயம். அங்கு அத்தொல்லை அவ்வாறு எழவில்லை. உற்பத்தியாளர் ஒருவரே, சட்டம் வேறு, விளைவும் வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு 1998 முதல் இப்பூட்டு கட்டாயமாயிற்று. அதன் பயனை நெதர்லாந்தில் ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், கார்க் களவு பெரிதும் குறைந்ததைக் கண்டனர். ஆயின் களவின் ஒரு பகுதி பூட்டில்லாத பழைய வண்டிகளின்பால் திரும்பியதையும் கண்டனர். நாம் கருத்தில் இருத்த வேண்டுவது இதுவே. அண்டை வீட்டில் புதிய கார் நிற்குமாயின், கள்வனின் கண் நம் தோப்பில் நிற்கும் பழைய ஜீப்பின்மேல் விழக்கூடும்.

ஆகவே, பழைய வண்டி வைத்திருப்போர் தமக்குரிய காவலைத் தாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்கும் மறைவான விசை ஒன்று, கியரையோ ஸ்டியரிங்கையோ பிணைக்கும் இரும்புப் பூட்டு ஒன்று—இவற்றுக்கு ஆகும் செலவு, வண்டியை இழப்பதனால் வரும் கேட்டின் முன் சிறிதே. தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே விசையைப் பொருத்துக. ஒழுங்கற்ற இணைப்பு தீ விபத்துக்கு இடமாகும்.

பழைய காரை விலைக்கு வாங்குவோர் இரண்டு சாவிகளையும் கேட்டுப் பெறுக. ஒன்று தொலைந்திருப்பின், அச்சாவியை வண்டியின் நினைவிலிருந்து நீக்கிப் புதியதைப் பதிவு செய்விக்க வேண்டும்; இல்லையேல் அதனைக் கண்டெடுத்தவனுக்கும் என்ஜின் பணிந்து நிற்கும். களவு போன வண்டிக்கு ஈடு கோரும்பொழுது காப்பீட்டு நிறுவனங்கள் இரு சாவிகளையும் கேட்பது வழக்கம் என்பதையும் மறவாதிருப்போமாக. மாற்றுச் சாவியை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டு இறங்குபவருக்கு இவ்விரண்டு பூட்டுகளாலும் பயனில்லை.