மாலிக் இமாம் தந்த நான்கு ஆண்டுகள்

என் உம்மா வைக்கும் கணவாய் ஆணத்துக்கு (குழம்புக்கு) எங்கள் தெருவிலேயே பேர் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் பிறந்த நாங்கள் ஷாபிஈ மத்ஹபை (சட்டப் பள்ளியை)ச் சேர்ந்தவர்கள். கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது மதுரைப் பக்கம் ஒரு ராவுத்தர் குடும்பம். இங்கே எல்லாரும் ஹனபி. வாப்பா என்று கூப்பிட்டுப் பழகிய வாய் மாமனாரை அத்தா என்று அழைக்கப் பழகியது. கணவாய் மட்டும் இந்த வீட்டு அடுப்பில் ஏறவில்லை. "உங்க இமாம் சொன்னபடி நீ சாப்பிடு தாயி, யாரு வேண்டாம்னா? சட்டி மட்டும் தனியா இருக்கட்டும்" என்றார் மாமியார். அந்தத் தனிச் சட்டி இன்றும் இருக்கிறது.

அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு இங்கே பாங்கு சொல்லும்போது என் பிறந்த ஊரில் தொழுகை முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உச்சிப்பொழுதின் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீண்டதும் அஸர் வந்துவிடும் என்பது ஷாபிஈ கணக்கு. இருமடங்கு நீளவேண்டும் என்பது ஹனபி பள்ளியின் இமாம் அபூ ஹனீபாவின் கணக்கு. அதிகாலைச் சுபுஹுத் தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில் ஷாபிஈக்கள் கையேந்திக் குனூத் என்ற வேண்டுதலை ஓதுவார்கள். ஹனபிகள் அதை இரவின் வித்ருத் தொழுகைக்கு வைத்திருக்கிறார்கள். ஷாபிஈ இமாமுக்குப் பின்னால் தொழ நேர்ந்தால் என் கணவர் அந்த நேரத்தில் கையைத் தொங்கவிட்டுப் பேசாமல் நிற்பார். யாருடைய தொழுகையும் இதனால் கெட்டுப்போனதில்லை.

நான் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல். முஸ்லிம் அல்லாத நண்பர்களும், எங்கள் பிள்ளைகளும்கூடக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: குர்ஆன் ஒன்று, நபி ஒருவர், பிறகு ஏன் நான்கு சட்டப் பள்ளிகள்?

கணவாயையே எடுத்துக்கொள்வோம். கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஆகும் என்று குர்ஆன் சொல்கிறது. கடலில் செத்ததும் ஆகும் என்று நபிமொழி இருக்கிறது. இதைப் பொதுவான அனுமதியாக எடுத்தவர் ஷாபிஈ. அபூ ஹனீபாவின் பள்ளியோ, அருவருப்பானவற்றைத் தடுக்கும் வேறொரு வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அனுமதி மீனுக்குத்தான் என்று முடிவு செய்தது. இறால் மீனா இல்லையா என்று ஹனபி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இன்றும் வாதாடுகிறார்கள். நிலத்திலும் நீரிலும் வாழ்வது கூடாது என்ற விதியைக் காட்டி நண்டை விலக்கும் ஷாபிஈ நூல்களும் உண்டு. ஆதாரம் எல்லாருக்கும் ஒன்றுதான். எந்த ஆதாரத்தை எதோடு சேர்த்துப் படிப்பது என்பதில்தான் பிரிகிறார்கள்.

அபூ ஹனீபா (699–767) கூபா நகரத்துத் துணி வணிகர். பல இனத்தார் கலந்து வாழ்ந்த ஊர் அது. தினமும் புதுப்புது வழக்கு வரும். நேரடி விடை இல்லாத இடத்தில் அறிவால் ஒப்பிட்டு முடிவு சொல்லும் முறை அங்கே வளர்ந்தது. மாலிக் (711–795) மதீனாக்காரர். நபி வாழ்ந்த ஊரின் மக்கள் தலைமுறையாகச் செய்து வருவதே அவருக்குப் பெரிய சான்று. அவருடைய முவத்தா நூலை நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக்க அப்பாஸிய கலீபா விரும்பியதாகவும், நபித்தோழர்கள் ஊர் ஊராகப் பரவி அறிவைக் கொண்டுபோயிருக்கிறார்கள், மக்களை அவரவர் வழியில் விடுங்கள் என்று மாலிக் மறுத்ததாகவும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது இதனால்தான். தன் நூல் அரசாங்கச் சட்டமாவதை வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஷாபிஈ பிறந்தது காஸாவில், அபூ ஹனீபா இறந்த அதே 767-இல். மாலிக்கிடம் படித்தார், பிறகு அபூ ஹனீபாவின் மாணவர் முஹம்மது ஷைபானீயிடமும் படித்தார். இரண்டு வழிகளையும் அறிந்தவர், சட்டத்தை எப்படி வருவிப்பது என்பதற்கே ரிஸாலா என்ற நூலில் விதி வகுத்தார். எகிப்துக்குப் போனபின் தன் தீர்ப்புகள் பலவற்றை அவரே மாற்றினார். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையும் பிரித்தே இன்றும் மதரஸாக்களில் பாடம் நடக்கிறது. அவரிடம் படித்தவர் அஹ்மத் இப்னு ஹன்பல் (780–855); நபிமொழிகளையே முதன்மையாகப் பற்றியவர். ஷியாக்களுக்கு ஜஅபரி பள்ளி தனியாக உண்டு. எந்த மத்ஹபும் வேண்டாம், குர்ஆனும் ஹதீஸும் போதும் என்போரும் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறார்கள்.

சட்டி, தொழுகை நேரம் இவற்றோடு வேறுபாடு முடிந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என்னை எழுதவைத்தது காணாமல்போன கணவர்களின் கதை.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன கணவரிடமிருந்து ஏழு ஆண்டுகளாகத் தகவலே இல்லை என்று ஒரு பெண் என்னிடம் வந்தார். ஹனபி குடும்பம், கையில் ஒரு பெண் குழந்தை. அவருடைய ஊர் ஜமாஅத்தில் கேட்டபோது, செய்தி வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்களாம். "வக்கீலம்மா, செய்தி வராமலே நான் கிழவியாயிட்டா?" என்று கேட்டார்.

பழைய ஹனபி நூல்களின்படி அவர் அஞ்சியது நியாயமே. திருமணம் நடந்தது உறுதி, கணவர் இறந்தது ஐயம். ஐயத்தால் உறுதியை நீக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். ஆகவே கணவரின் வயதொத்தவர்கள் மறையும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். கணவருக்கு 90 வயது ஆகும்வரை என்பது அந்நூல்களில் பெரிதும் சொல்லப்படும் கணக்கு. 30 வயதில் ஒருவர் காணாமல்போனால் மனைவிக்கு 60 ஆண்டுக் காத்திருப்பு! எங்கள் ஷாபிஈ இமாமும் இங்கே கைகொடுக்கவில்லை. நான்கு ஆண்டு போதும் என்றிருந்தவர், தன் புதிய சொல்லில், உறுதியான செய்தி வரும்வரை என்று மாற்றிக்கொண்டார். மாலிக்கோ கலீபா உமரின் தீர்ப்பைப் பிடித்து நின்றார்: வழக்கு நீதிபதியிடம் போனபின் நான்கு ஆண்டுகள், அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா (காத்திருப்பு), பிறகு அவள் வேறு திருமணம் செய்துகொள்ளலாம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் நீதிமன்றங்கள் ஹனபிகளுக்கு ஹனபி சட்டத்தையே வரி பிசகாமல் நடத்தின. கணவன் காணாமல்போனாலும், கைவிட்டாலும், அடித்தாலும் மனைவிக்கு வழியில்லை. பஞ்சாபில் பெண்கள் பலர் வேறு வழியின்றி மதம் மாறியதாக அறிவித்துத் திருமணத்திலிருந்து வெளியேறினார்கள். இது ஆலிம்களை உலுக்கியது. தானாபவனைச் சேர்ந்த அஷ்ரஃப் அலி தானவி அசைக்க முடியாத ஹனபி அறிஞர். அவர் மதீனாவின் மாலிகி முஃப்திகளுக்கு எழுதிக் கேட்டு, அவர்களுடைய தீர்ப்புகளைத் திரட்டி, 1930-களில் ஒரு நூலே வெளியிட்டார். கடும் இடர் வரும்போது இன்னொரு இமாமின் தீர்ப்பின்படி நடக்க ஹனபி நூல்களே அனுமதிக்கின்றன என்பது அதன் அடிப்படை.

மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினர் காஸ்மி கொண்டுவந்த மசோதா, 1939 மார்ச் 17 அன்று முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமானது. முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று ஆலிம்கள் கேட்டது மட்டும் கடைசியில் நீக்கப்பட்டது. கணவர் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் போனால், இரண்டு ஆண்டுகள் பராமரிக்காவிட்டால், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், கொடுமை செய்தால் மனைவி விவாகரத்து கேட்கலாம். சட்டத்தின் முதல் காரணமாக நிற்பது மாலிக் இமாமின் அந்த நான்கு ஆண்டுகள்தான். துருக்கியின் உஸ்மானிய அரசு 1917-இலும், எகிப்து 1920-இலும் 1929-இலும் இப்படியே மற்ற மத்ஹபுகளிலிருந்து எடுத்துச் சட்டம் செய்தன.

அப்படியானால் அவரவர் வசதிக்கு எந்த மத்ஹபிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதில் ஆலிம்கள் கண்டிப்பானவர்கள். அவர்கள் பக்கம்தான் நானும். வயதுவந்த பெண் வலி (பெண்ணின் பொறுப்பாளர்) இன்றித் தானே நிக்காஹ் செய்துகொள்ளலாம் என்பது ஹனபி. மற்ற மூன்று பள்ளிகளும் வலி வேண்டும் என்கின்றன. ஷாபிஈ வீட்டுப் பையன் ஒருவன், பெண்ணின் வாப்பாவுக்குத் தெரியாமல் நிக்காஹ் முடிப்பதற்கென்று ஒருநாள் மட்டும் ஹனபியாக மாறுவது சட்டம் ஆகாது. தேவை உண்மையாக இருக்கவேண்டும். அதைப் பொறுப்புள்ள ஆலிமோ நீதிபதியோ எடைபோட வேண்டும். தானவி தன் ஹனபி மத்ஹபை விட்டுவிடவில்லை. அதில் நின்றுகொண்டேதான் அண்டை வீட்டுக் கதவைத் தட்டினார்.

என்னிடம் வந்த பெண்ணுக்காக மனு போட்டோம். கணவரின் வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவருடைய அண்ணன் தம்பி, தந்தைவழிச் சிறிய தந்தை, பெரிய தந்தை இருந்தால் வாரிசு இல்லாவிட்டாலும் அவர்களையும் சேர்க்க வேண்டும். தீர்ப்பு வந்த உடனே நடைமுறைக்கும் வராது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கணவர் நேரில் வந்தோ ஆள் மூலமாகவோ, குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்துக்கு உறுதிப்படுத்தினால் தீர்ப்பு ரத்தாகும். அவர் வரவில்லை. அந்தப் பெண் இப்போது மறுமணம் செய்துகொண்டு பேகம்பூர்ப் பக்கம் வசிக்கிறார்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணவர் காணாமல்போன பெண் உங்களிடம் வந்தால், பொறுத்திரு என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நான்கு ஆண்டு முடிந்திருந்தால் குடும்ப நல நீதிமன்றத்துக்கு, அது இல்லாத ஊரில் உரிய உரிமையியல் நீதிமன்றத்துக்கு அவர் போகலாம் என்று சொல்லுங்கள். எந்த மத்ஹபைச் சேர்ந்தவராக இருந்தாலும் 1939 சட்டம் அவருக்குப் பொருந்தும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.