அலுமினியத்துக்கு மஞ்சள் குளியல்!
கூட இருக்கும் இரும்பையும் பித்தளையும் என்ன செய்வது?

அமெரிக்கக் கடற்படையில் 2010-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு புதிய போர்க்கப்பல் சேர்ந்தது. அதன் பெயர் 'இண்டிபெண்டன்ஸ்'. நீளம் 127 மீட்டர். கப்பலின் உடல் இரும்பு அல்ல, அலுமினியம்! எடை குறைவு. ஆகவே வேகம் அதிகம்.

மறு வருடமே, 2011-ல், கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். தண்ணீரைப் பீச்சி அடித்துக் கப்பலை முன்னே தள்ளும் எந்திரம் இருக்கும் இடத்தில், அலுமினியம் அரித்துப் போயிருந்தது.

எதிரியின் சதியா? இல்லை. எந்திரத்தில் இருந்த எஃகுதான் காரணம். எஃகும் அலுமினியமும் அருகருகே இருந்தன. நடுவே கடலின் உப்புத் தண்ணீர் இருந்தது. அது போதும்!

இரண்டு உலோகங்களின் சண்டை

இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்ட்டா 1800-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகளை எடுத்தார். நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை வைத்தார். இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மின்சாரம் பிறந்தது! டார்ச் விளக்கில் போடும் பாட்டரிக்கு அதுதான் மூதாதை.

பாட்டரியில் மின்சாரம் இலவசமாக வருவதில்லை. இரண்டு உலோகங்களில் ஒன்று கரைந்துகொண்டே இருக்கும். அலுமினியமும் இரும்பும் சேர்ந்தால், கரைவது பெரும்பாலும் அலுமினியம்தான். செம்போ பித்தளையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

கடற்கரை ஊர்களில் அலுமினிய ஜன்னலைப் பார்த்தால் இது தெரியும். இரும்புத் திருகாணி போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அது தூசி அல்ல. அலுமினியம் கரைந்து வந்த பொடி.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல, எந்த உலோகத்துக்கு எந்த உலோகம் ஒத்துவரும் என்று என்ஜினீயர்கள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். பொருத்தம் இல்லாவிட்டாலும் சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், இடையில் ஒரு தடுப்பு வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே விரோதி

அலுமினியம் தன்னைத் தானே கொஞ்சம் காத்துக்கொள்ளும். காற்றுப் பட்டவுடனே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிவிடும். இரும்பைப்போல அது துருப்பிடித்து உதிராததற்குக் காரணம் இதுதான். ஆனால் உப்பும் புளிப்பும் அந்தப் படலத்தை உடைத்துவிடும்.

சுத்தமான அலுமினியம் மிருதுவானது. அதைக்கொண்டு ஆகாய விமானம் கட்ட முடியாது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பிரெட் வில்ம் என்பவர் 1906-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். நூற்றுக்கு 4 பங்கு அளவில் செம்பும், சிறிது மக்னீசியமும் சேர்த்து, சூடாக்கி, சட்டென்று குளிர வைத்தார். சில நாட்களில் அது தானாகவே கெட்டிப்பட்டது. 'டூராலுமின்' பிறந்தது. விமானத் தொழில் வளர்ந்தது.

பலம் வந்தது, ஆனால் வினையும் கூடவே வந்தது. சண்டைக்கார செம்பு இப்போது அலுமினியத்துக்கு உள்ளேயே குடியிருக்கிறது! கடல்மேல் பறந்த விமானங்களில் அரிப்பு வேகமாகக் கண்டது. ஆகவே, மேலே பூச்சு கொடுக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. பிரிட்டனில் 1923-ல் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர், குரோமிக் அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, மேலே உள்ள படலத்தைக் கனமாக்கிக் காட்டினார்கள். பிற்பாடு மின்சாரம் இல்லாமலே செய்யும் முறையும் வந்தது. அதுதான் மஞ்சள் குளியல்.

குளிப்பாட்டுவது எப்படி?

முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவவேண்டும். பிறகு பழைய படலத்தை அமிலத்தால் நீக்கி, நல்ல தண்ணீரில் அலசவேண்டும். அப்புறம் குரோமிய உப்புக் கலந்த திரவத்தில் முக்கவேண்டும். கொதிக்க வைக்க வேண்டியதில்லை. சில நிமிஷம் போதும். வெளியே எடுத்தால் தங்கம்போல மின்னும்!

பூச்சின் கனம் என்ன? தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆனால் அது செய்கிற வேலை பெரிது. சிறு கீறல் விழுந்தால், ஈரம் பட்டவுடன் பூச்சில் மிச்சமிருக்கும் குரோமியம் கசிந்து வந்து கீறலை மூடும். மேலே அடிக்கும் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். மின்சாரத்தையும் இது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால் வானொலிக் கருவிகளின் பெட்டிகளுக்கும் ஏற்றது. புதுப் பூச்சு மட்டும் இளசானது. முதல் நாள் தேய்த்தால் அழிந்துவிடும்.

சிக்கல் இங்கேதான்!

அலுமினியத்தில் மரை வெட்டினால், திருகாணியைக் கழற்றிக் கழற்றி மாட்டும்போது மரை தேய்ந்துபோகும். அதனால் துளைக்குள் எஃகு மரைக் கூடு ஒன்றைச் செருகுவார்கள். சுழலும் இடங்களில் வெண்கலத்தாலோ பித்தளையாலோ புஷ் வைப்பார்கள். இவற்றோடு சேர்த்து அப்படியே குளியலில் போட்டால்?

குளியல் திரவமும் ஈரமான அமிலம்தானே! அதற்குள்ளேயே இரண்டு உலோகங்களின் சண்டை தொடங்கிவிடும். பித்தளையிலிருந்து செம்பு கரைந்து திரவத்தில் கலக்கும். அது அலுமினியத்தின்மேல் படிந்து கறையாகும். அடுத்து வரும் பாகங்களும் கெடும். ஒரு புஷ் ஒரு தொட்டியையே பாழாக்கலாம். சாதாரண எஃகுக்கோ இந்தப் பூச்சு பிடிக்காது; வெளியே வந்தபின் அது துருப்பிடிக்கும்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. கூட்டுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடுக்கில் திரவம் புகுந்துகொள்ளும். எத்தனை அலசினாலும் போகாது. பல நாள் கழித்து மெல்லக் கசியும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே அரிப்பு!

மின்சாரம் பாய்ச்சும் முறையில் எஃகோடு போட்டால் நிலைமை இன்னும் மோசம். மின்சாரம் எஃகின் வழியே பாய்ந்துவிடும். எஃகு கரையும். அலுமினியத்துக்குச் சரியான பூச்சும் கிடைக்காது.

ஆகவே நல்ல தொழிற்சாலைகளில் ஒரு கண்டிப்பு உண்டு: முதலில் குளியல், பிறகுதான் செருகல். செருகும்போது ஈரப் பூச்சு மருந்தைத் தடவியே செருகுவார்கள். ஏற்கெனவே செருகியிருந்தால், அந்த இடத்தை ரப்பர் அடைப்பானாலோ மெழுகாலோ ஒட்டு நாடாவாலோ மூடிவிடுவார்கள். அல்லது தொட்டியில் முக்காமல், வேண்டிய இடத்துக்கு மட்டும் தூரிகையால் தடவுவார்கள். இதில் அவசரக்காரர்களுக்கு இடமில்லை.

மருந்தே விஷம்

இரும்பிடமிருந்து அலுமினியத்தைக் காக்கும் இந்தக் குரோமியம், மனிதனுக்குக் கொடியது. மஞ்சள் குளியலில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அதன் ஆவித்துளியைப் பல காலம் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்த தொழிலாளர்களும் உண்டு. கைக்கு உறை, முகத்துக்குக் காப்பு, புகை உறிஞ்சும் விசிறி எல்லாம் அலங்காரத்துக்கு அல்ல. கழிவு நீரையும் அப்படியே சாக்கடையில் விடக்கூடாது.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2017 செப்டம்பர் 21-ந் தேதிக்குப் பிறகு, தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரை ஆக்ஸைடைப் பயன்படுத்தக்கூடாது என்று ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக, மூன்று இணைதிறன் கொண்ட குரோமியக் குளியல் பரவி வருகிறது. இதில் கெடுதல் மிகக் குறைவு.

ஆனால் ஒரு சங்கடம். பழைய குளியலில் மஞ்சள் நிறம் வந்தால் பூச்சுப் பிடித்தது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். புதியதில் நிறமே சரியாகத் தெரிவதில்லை. அதனால் பாகங்களோடு மாதிரித் தகடுகளையும் குளிப்பாட்டுகிறார்கள். அந்தத் தகடுகளை ஒரு பெட்டியில் வைத்து, உப்புத் தண்ணீரைப் பனிபோலத் தூவுகிறார்கள். அமெரிக்க ராணுவ விதிப்படி 168 மணி நேரம், அதாவது 7 நாள், இரவு பகலாக அந்த உப்புப் பனியில் தகடு இருக்கவேண்டும். எட்டாம் நாள் எடுத்துப் பார்த்து, அரித்த புள்ளிகளை எண்ணுகிறார்கள்.