பேர்மிங்ஹாமில் இரண்டு தோல் ஏடுகள்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா செல்வோர் பலர் லண்டனோடு திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் பேர்மிங்ஹாமை அடையலாம். கால்வாய்களும் கடைத்தெருக்களும் நிறைந்த பெருநகரம். என்னை அங்கு இழுத்ததோ வேறொன்று.

பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கட்பரி ஆய்வு நூலகத்தில் அல்-குர்ஆனின் இரண்டு தோல் ஏடுகள் உள்ளன. கஹ்ஃப், மர்யம், தாஹா ஆகிய சூராக்களின் பகுதிகள் ஹிஜாஸி எழுத்தில் அவற்றில் காணப்படுகின்றன. 1920களில் அல்போன்ஸ் மிங்கானா என்ற அறிஞர், எட்வர்ட் கட்பரியின் பண உதவியுடன் சேகரித்த சுவடிகளுள் இவையும் அடங்கும். (சொக்லட் காசு இதற்கும் பயன்பட்டிருக்கிறது!) நெடுங்காலமாக இவை வேறொரு பிரதியின் ஏடுகளுடன் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தன.

ஒக்ஸ்போர்ட் ஆய்வுகூடத்தில் நடந்த கதிரியக்கக் காபன் பரிசோதனையின் முடிவு 2015இல் வெளியானது. தோலின் காலம் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது, நிகழ்தகவு 95.4 சதவீதம். நபி (ஸல்) அவர்கள் வபாத்தானது 632இல். எழுதியவர் நபியவர்களைக் கண்டவராகக்கூட இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போதே மெய்சிலிர்க்கிறது. ஆயினும் அப்பரிசோதனை காட்டுவது, தோலுக்குரிய விலங்கு வாழ்ந்த காலத்தையே. மை தொட்டு எழுதிய நாளை அல்ல. "உலகின் மிகப் பழைய குர்ஆன் இதுதான்" என்று அடித்துச் சொல்வோர் இதைக் கவனிப்பதில்லை.

மூலப்பிரதி எப்போதும் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. செல்லுமுன் நூலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது படங்களை மட்டுமே. மர்யம் சூரா முடியுமிடத்தில் ஒரு கோட்டு அலங்காரம், அதன்கீழ் பிஸ்மில்லாஹ். உயிர்க்குறிகள் இல்லாதபோதும் தாஹாவின் தொடக்கத்தை என்னால் வாசிக்க முடிந்தது.