ஒரு சீசன் ஸ்கோரை நம்பி கோடி கொடுக்கலாமா?

ஐபிஎல் ஏலம் பார்க்கும்போது "இவருக்கா இவ்வளவு காசு?"ன்னு நாம எல்லாரும் கேட்டிருப்போம். அங்க டீம் ஓனர்கள் படுற குழப்பமும், முதல் சம்பளம் வந்ததும் எந்த ஃபண்டுல எஸ்ஐபி போடலாம்னு நாம படுற குழப்பமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதுவரைக்கும் எடுத்த ஸ்கோரை நம்புறதா, உள்ளே இருக்கிற திறனை நம்புறதா?

2017 ஏலத்துல நடந்தது

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் டைமல் மில்ஸை பெங்களூரு அணி 12 கோடிக்கு எடுத்தது. பெரிய ஈர்ப்பு அவரோட வேகம். அதே ஏலத்துல சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அவரோட அடிப்படை விலை வெறும் 10 லட்சம். விலை ஏறக் காரணம் டிஎன்பிஎல்ல போட்ட யார்க்கர்கள்.

ரிசல்ட்? அந்த சீசன்ல மில்ஸ் எடுத்தது 5 விக்கெட், நடராஜன் 2. வேகத்துக்குக் கொடுத்த காசும் பலிக்கல, ஸ்கோருக்குக் கொடுத்த காசும் பலிக்கல. அடுத்த வருஷம் ஹைதராபாத் நடராஜனை 40 லட்சத்துக்கு வாங்கி, ரெண்டு சீசன் பெஞ்சுல உட்கார வச்சது. 2020ல அவர் 16 விக்கெட் எடுத்தார். அதே யார்க்கர்தான். விலையும் காத்திருந்த காலமும்தான் வேற.

அமெரிக்காவுல இன்னும் தெளிவா தெரியும்

அமெரிக்கன் ஃபுட்பால்ல காலேஜ் வீரர்களை அணிகள் முறை வச்சு எடுக்கும். அதுக்குப் பேரு டிராஃப்ட். அதுக்கு முன்னாடி 40 கஜ ஓட்டம் மாதிரி உடல்திறன் டெஸ்ட் நடக்கும். 2017ல ஜான் ராஸ் 4.22 வினாடியில ஓடி அப்போதைய சாதனை படைச்சார். 9வது ஆளா எடுத்தாங்க. கூப்பர் கப் ஓடினது 4.62. காலேஜ்ல ரெக்கார்டு குவிச்சவர், ஆனா ஆடினது சின்ன லீக். 69வது ஆளாத்தான் போனார். 2021 சீசன்ல லீக்லயே அதிக கேட்ச், அதிக யார்டு, அதிக டச்டவுன் அவர்தான். ராஸ் அந்த உயரத்தைத் தொடவே இல்ல.

அப்போ காலேஜ் ரெக்கார்டே போதுமா? போதாது. கெல்லன் மூர் காலேஜ்ல 50 வெற்றி, வெறும் 3 தோல்வி. 2012 டிராஃப்ட்ல ஒரு டீமும் எடுக்கல. அப்புறம் வாய்ப்பு கிடைச்சும் ஆடினது 3 மேட்ச்தான்.

கேட்க வேண்டிய 3 கேள்வி

1. இந்த ஸ்கோர் யாருக்கு எதிரா, எத்தனை தடவை வந்தது?
2. இது அடுத்த மட்டத்துலயும் செல்லுபடியாகிற திறமையா?
3. நான் கொடுக்கிற விலைக்கு இது தகுமா?

இதையே ஃபண்டுக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வருஷ ரிட்டர்ன்ல முதலிடம்னா அது ஒரு சீசன் ஸ்கோர். 5, 7 வருஷம் இண்டெக்ஸோட ஒப்பிட்டா எப்படி? முதலீட்டு முறை மாறாம இருக்கா? எக்ஸ்பென்ஸ் ரேஷியோ எவ்வளவு? 1% அதிகம்னா, ஒரு லட்சத்துக்கு வருஷம் சுமார் 1,000 ரூபாய் உங்க பாக்கெட்ல இருந்து போகுது.

வருஷா வருஷம் "டாப் ஃபண்டு"க்குத் தாவினா இன்னொரு செலவும் இருக்கு. பெரும்பாலான ஈக்விட்டி ஃபண்டுல ஒரு வருஷத்துக்குள்ள வெளிய வந்தா 1% எக்ஸிட் லோடு. லாபம் இருந்தா அதுல 20% வரி.

நம்ம கீரமங்கலம் பக்கம் முகூர்த்த நாள் மல்லி விலையை மட்டும் பார்த்து யாராவது தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பாங்களா? வருஷம் முழுக்க விலை எப்படிப் போச்சு, மண்ணு எப்படி, போர்ல தண்ணி இருக்கா, குத்தகைத் தொகை கட்டுபடியாகுமான்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க.

மாசம் 3,000 ரூபாய் எஸ்ஐபிக்கும் அந்தக் கணக்கு போதும். இன்னைக்கே உங்க ஃபண்டை எடுத்து இந்த மூணு கேள்வியையும் கேட்டுப் பாருங்க.