அடிக்கடி நிமோனியா... தாய்மாமனைப் பற்றி டாக்டர் ஏன் கேட்கிறார்?

அந்தச் சிறுவனுக்கு எட்டு வயது. நான்கு ஆண்டுகளில் 19 முறை கடுமையான கிருமித்தொற்று. ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், கொஞ்ச நாளில் மறுபடியும் வந்துவிடும். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அவனைப் பார்த்துவந்த டாக்டர் ஆக்டன் புரூட்டன், ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்தார். எல்லாரிடமும் இருக்க வேண்டிய காமா குளோபுலின் அவனுக்கு இல்லவே இல்லை. வேறொருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை மாதம்தோறும் ஊசியாகப் போட்டார். ஓராண்டுக்கும் மேலாக அந்தப் பெரிய தொற்று எட்டிப் பார்க்கவில்லை.

இதை 1952-ல் அவர் கட்டுரையாக எழுதினார். 'எக்ஸ் லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா' என்று வாயில் நுழையாத பெயர்கொண்ட இந்த நோயை டாக்டர்கள் இன்றும் 'புரூட்டன் நோய்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆறு மாதம் வரை கட்டுச்சோறு

கிருமிகளை அடையாளம் கண்டு மடக்கும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்கள்) உருவாக்குவது பி செல்கள். இவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, முதிர்ந்து, ரத்தத்துக்கு வர வேண்டும். அப்படி முதிர்வதற்கு பி.டி.கே. என்ற நொதி தேவை. அதற்கான மரபணுவில் பழுது இருந்தால், பி செல்கள் மஜ்ஜையிலேயே முடங்கிவிடும். இந்த மரபணுவை 1993-ல்தான் கண்டுபிடித்தார்கள். (இதே நொதியைத் தடுக்கிற இப்ரூட்டினிப் என்ற மாத்திரை, பின்னாளில் சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மருந்தானது தனிக்கதை.)

பிறந்தவுடன் எதுவும் தெரியாது. கர்ப்பத்தில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக அம்மா தன் ஆன்டிபாடிகளைக் கட்டுச்சோறு மாதிரி கொடுத்தனுப்பியிருப்பார். ஆறு மாத வாக்கில் அது தீர்ந்துபோகும். காதில் சீழ், சைனஸ், நிமோனியா எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையாகத் தொடங்கும்.

'சளி பிடிச்ச உடம்பு', 'பல்லு முளைக்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். குழந்தைகளுக்குச் சளி வருவது சகஜம்தானே என்பதும் உண்மைதான். ஆனால், ஒரே வருடத்தில் நான்கு முறைக்கு மேல் காதுத் தொற்று, இரண்டு முறை நிமோனியா, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனில்லை என்றால் அது சகஜமல்ல. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் மிகச் சிறியதாகவோ, இல்லாமலோ இருப்பதும் ஒரு தடயம்.

பழி யார்மேல்?

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு என்பதால், ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆண்களுக்கு ஒன்றே ஒன்று. அதனால்தான் நோய் பையன்களுக்கு வருகிறது. அம்மா ஆரோக்கியமாக இருப்பார். அப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் இந்த நோய் வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு.

'உங்க கூடப்பிறந்த அண்ணன், தம்பி யாராவது சின்ன வயசுலயே நிமோனியாவுல இறந்தாங்களா?' என்று டாக்டர் அம்மாவிடம் கேட்பது இதனால்தான். இந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே 'எல்லாம் அவ வீட்டு வழி' என்று பேச ஆரம்பிக்கும் குடும்பங்கள் உண்டு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல், புதிதாக உருவான மரபணு மாற்றத்தாலும் இது வரலாம். எந்த வழியில் வந்தாலும், அம்மா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வருவதல்ல.

சொட்டு மருந்தில் கவனம்

ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவுகளைப் பார்ப்பது முதல் படி. பிறகு பி செல் எண்ணிக்கை, மரபணுப் பரிசோதனை. நோய் உறுதியானால், போலியோ சொட்டு மருந்து கொடுக்கவே கூடாது. அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். இந்தக் குழந்தைகளின் உடலில் அது நெடுநாள் தங்கி, அரிதாகப் பக்கவாதத்தையே உண்டாக்கலாம். வீட்டில் உள்ள மற்ற குழந்தைகளுக்கும் ஊசி வழித் தடுப்பு மருந்துதான் பாதுகாப்பு. வேறு தடுப்பூசிகளையும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

சிகிச்சை, புரூட்டன் செய்ததேதான். ஆயிரக்கணக்கானோர் தானம் தந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். வாரம்தோறும் தோலுக்கடியில் செலுத்தும் முறையும் உண்டு. ஏற்றிய ஐஜிஜியில் பாதி சுமார் மூன்று வாரத்தில் கரைந்துவிடும் என்பதால், இது ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியது. விலை அதிகம். குழந்தையின் எடை கூடக் கூட மருந்தின் அளவும் செலவும் கூடும். 'இந்த மாசம் நல்லாத்தானே இருக்கான்' என்று தள்ளிப்போடும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. திரும்பத் திரும்ப வரும் தொற்றால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, சளி தேங்கும் 'பிராங்கியெக்டாசிஸ்' வந்துவிட்டால், அதைப் பழையபடி மாற்ற முடியாது. மூட்டு வீக்கம், தீராத வயிற்றுப்போக்கு, அரிதாக மூளையைத் தாக்கும் வைரஸ் தொற்று ஆகியவையும் இதன் கூட்டாளிகள். 'இம்யூனிட்டி பூஸ்டர்' பொடிகள் எதுவும் இல்லாத பி செல்லை உருவாக்கித் தராது.

பெரியவர்களுக்கும் வரலாம்

'சிவிஐடி' எனப்படும் இன்னொரு வகைக் குறைபாடு ஆண், பெண் இருவருக்கும் வரும். பலருக்கு 20 வயதுக்குப் பிறகே தெரியவரும். தொற்றுகளோடு தட்டணுக்கள் குறைவது, மண்ணீரல் வீங்குவது போன்றவையும் சேர்ந்துகொள்ளும். ஐஜிஏ மட்டும் குறைவாக இருப்பதே இவற்றில் பரவலானது. ஆனால், அவர்களில் பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது.

புரூட்டன் நோய் உள்ள பையனுக்கு அக்கா, தங்கை இருந்தால், அவர்கள் பெரியவர்களானதும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பழுதான மரபணு அவர்களிடம் இருப்பது முன்பே தெரிந்தால், பிறக்கும் ஆண் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பி செல்களை எண்ணிப் பார்த்துவிட முடியும். முதல் நிமோனியா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.