நுரையீரலை விட்டு நழுவும் காற்று

தமிழகத்தின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று, ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பிய ஒருவருக்கு உறுதியானது. அவர் குணமடைந்தார் என்றாலும், தொடர்ந்து வந்த அலைகளில் ஆக்சிஜன், வென்டிலேட்டர் என்ற சொற்கள் அவ்வூர் நெசவாளர் வீடுகளிலும் புழங்கின. அவ்வளவாகப் பேசப்படாதது, நோயுற்ற நுரையீரலிலிருந்து காற்று கசிந்து உடலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் சிக்கல்.

நுரையீரலில் ஏறத்தாழ 30 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. வைரஸ் தாக்கிய பகுதிகள் வீங்கி விறைத்துவிட, எஞ்சிய பகுதிகளே மூச்சின் முழு இழுவையையும் தாங்க நேர்வதால், கடும் இருமலின்போதுகூட அவற்றின் மெல்லிய சுவர் கிழியக்கூடும். அவ்வாறு வெளிப்படும் காற்று இரத்தக்குழாய்களின் உறையை ஒட்டி நெஞ்சின் நடுப்பகுதிக்குச் செல்வதைக் கனடாவின் மருத்துவ ஆய்வாளர் மேக்ளின் 1939இல் விளக்கினார். அங்கிருந்து அது கழுத்துத் தோலின் அடிக்கு ஏறினால், விரலால் அழுத்தும்போது பொரி நொறுங்குவதுபோல் நெறிபடும். நுரையீரலைப் போர்த்திய இரட்டை உறையின் இடையே புகுந்தாலோ நுரையீரல் சுருங்கும். நியூமோதோராக்ஸ் எனப்படும் அந்நிலையில், புகுந்த காற்று வெளியேற வழியின்றிப் பெருகினால் இதயமும் நெருக்குண்டு, நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகும்.

பழியை வென்டிலேட்டர் மீது போடுவது எளிது. அதன் அழுத்தம் ஆபத்தைக் கூட்டுவதும் உண்மையே. ஆயினும் 2003இல் சார்ஸ் என்னும் சுவாச நோய் பரவியபோது, இயந்திரம் பொருத்தப்படாத நோயாளிகளிடமும் ஹாங்காங் மருத்துவர்கள் இக்கசிவைக் கண்டனர். கோவிடிலும் அவ்வாறே நேர்ந்தது. திணறும் நோயாளி தானே வலிந்து இழுக்கும் மூச்சும் நுரையீரலைக் காயப்படுத்த வல்லது.

சிறு கசிவு பெரும்பாலும் தானே உறிஞ்சப்பட்டுவிடும். பெரிதானால், விலா எலும்புகளின் இடையே குழாய் செருகி, அதன் மறுமுனையை நீருள்ள பாட்டிலில் அமிழ்த்துவர். காற்று குமிழிகளாக வெளியேறும், திரும்ப உள்ளே போகாது. குமிழிகள் நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்தது தெரிந்த பின்னரே குழாய் எடுக்கப்படும். அதுவரை பாட்டில் நோயாளியின் மார்பு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும் (உடனிருக்கும் உறவினர், கட்டிலை நகர்த்தும் அவசரத்தில் மறப்பது இதைத்தான்). மேலே தூக்கினால் நீர் நெஞ்சுக்குள் பாயக்கூடும்.

தேறிவரும் ஒருவருக்குத் திடீரென ஒருபக்க நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால், தொற்று முற்றிவிட்டதென்று முடிவுகட்டாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கசிவு முற்றிலும் ஆறியது உறுதியாகும் வரை விமானப் பயணம் கூடாது. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் எப்போது மீண்டும் தறிக்குழியில் இறங்கலாம் என்பதையும், பாவுச் சுமையைத் தூக்கலாமா என்பதையும் மருத்துவரைக் கேட்டே தீர்மானிப்பது நல்லது.