நந்தி மலையின் உயரம், கல்வராயனின் ஐப்பசி

பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் ஒயின் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. குரோவர் குடும்பம் 1988-ல் தொடங்கிய நிறுவனத்தின் கொடிகள் அவை. அங்கிருந்து நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டர் அளவில் தென்கிழக்கே வந்தால் கல்வராயன் மலை. அதில் சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் 825 மீட்டர். பெரிய கல்வராயன் 1,200 மீட்டரை எட்டுகிறது. உயரத்தில் இரண்டு இடங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே மாசியில் ஒயின் திராட்சை பறிக்கிறார்கள். இங்கே வெள்ளிமலையைச் சுற்றி மரவள்ளியும் சாமையும்தான் விளைகின்றன.

வெள்ளிமலை இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். கள்ளக்குறிச்சி, மது என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் பறித்த உயிர்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு கொடியையும் மழையையும் பற்றியது.

முதலில் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஒயின் திராட்சைக்குப் பகல் வெயிலும் வேண்டும், இரவுக் குளிரும் வேண்டும். பகலில் இலைகள் சர்க்கரையைச் சேர்க்கின்றன. இரவும் புழுங்கினால் பழத்தில் உள்ள மாலிக் அமிலத்தைக் கொடியே எரித்துத் தீர்த்துவிடும். புளிப்பில்லாத பழத்திலிருந்து வரும் ஒயின் சப்பென்று இருக்கும். சர்க்கரைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் சாறில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். அதனால் ஒயினுக்கான பழம், சாறின் சர்க்கரை அளவைச் சொல்லும் பிரிக்ஸ் கணக்கில், 22 அளவுக்காவது இனிக்க வேண்டும். வாய்க்குத் தித்திக்கும் பன்னீர் திராட்சை அந்த அளவை எட்டுவதில்லை.

இந்தக் கணக்கில் கல்வராயன் தேறிவிடும். சிக்கல் மழை வரும் மாதத்தில் இருக்கிறது.

ஐரோப்பாவில் பனிக்காலம் கொடியைத் தூங்க வைக்கிறது, வசந்தம் எழுப்புகிறது. ஆண்டுக்கு ஓர் அறுவடை. நம் ஊர்க் கொடிக்கு அந்தத் தூக்கம் கிடையாது. அதற்குக் காலம் சொல்வது கவாத்துக் கத்தரிதான். நாசிக்கிலும் நந்தி மலையிலும் ஏப்ரலில் ஒருமுறை வெட்டுகிறார்கள்; அது கிளைகளைத் தேற்றுவதற்கு. தென்மேற்குப் பருவமழை ஓயும் நேரத்தில், செப்டம்பர் அக்டோபரில், காய்ப்புக்கான கவாத்து. அதிலிருந்து நாற்பது நாள் வாக்கில் பூ. கவாத்திலிருந்து நான்கைந்து மாதத்தில் பழம். வறண்ட பகல், குளிர்ந்த இரவு என்று தையும் மாசியும் பழத்தைப் பக்குவப்படுத்திவிடும்.

இதே நாள்காட்டியைக் கல்வராயனில் மாட்டிப் பார்ப்போம். அக்டோபர் முதல் வாரத்தில் கவாத்து செய்தால் நவம்பர் நடுவில் பூக்கும். அதுதான் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். பூவின் மேல் அடைமழை பெய்தால் பிஞ்சு பிடிக்காது. இளம் இலை சில மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், அடிச்சாம்பல் நோய் ஏறிவிடும். பூங்கொத்தையும் அது விடாது. மருந்து அடித்தாலும் அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் உள்ளே நகர்ந்து விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பிஞ்சு விட்ட திராட்சைத் தோட்டம் அந்த வழியில் இருந்திருந்தால் அந்த ஆண்டுக் கணக்கை அன்றே மூடியிருக்கலாம்.

மற்ற இடங்களுக்கு ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 2023 நவம்பர் 26-ல் நாசிக்கில் ஆலங்கட்டி மழை திராட்சைத் தோட்டங்களைச் சிதைத்தது. ஆனால் அங்கே அது காலம் தப்பிய மழை. இங்கே நவம்பர் மழை வராவிட்டால்தான் கவலை. கல்வராயன் அடிவாரத்துக் கோமுகி அணைக்கும் ஏரிகளுக்கும் அதுதானே தண்ணீர்.

உயரமும் வறட்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினாவின் சால்டா மாகாணம் நல்ல சாட்சி. ஆண்டிஸ் மலையில் 3,111 மீட்டர் உயரத்திலும் கொலோமே நிறுவனம் திராட்சை வளர்க்கிறது. மழை அங்கே சொற்பம். பாசனத்தால்தான் கொடி பிழைக்கிறது. எவ்வளவு தண்ணீர், எப்போது என்பதை மனிதன் தீர்மானிக்கிறான்.

தமிழ்நாட்டில் அதற்கு நெருங்கிய இடம் கம்பம் பள்ளத்தாக்கு. உயரம் 400 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையைப் பெருமளவு மறைத்துக்கொள்ள, முல்லைப் பெரியாறு தண்ணீர் தருகிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இங்கே இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை அறுவடையாகிறது. சுருளிப்பட்டியில் ஒரு தோட்டத்தில் பறிப்பு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். வடகிழக்கு மழை இங்கும் பழத்தை வெடிக்க வைக்கும். ஆனால் ஒரு அறுவடை போனால் அடுத்தது நான்கைந்து மாதத்தில் வந்துவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடையை நம்பும் ஒயின் தோட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

கல்வராயன் மக்கள் தங்கள் மழையை அறிந்தே பயிர் வைத்திருக்கிறார்கள். சாமை தென்மேற்கு மழையில் முளைத்து, மூன்று, மூன்றரை மாதத்தில் கதிரை முடித்துவிடும். மரவள்ளி மண்ணுக்குள் விளைவதால் பூவுக்கும் காய்க்கும் அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீர் தேங்காத சரிவாக இருந்தால் இரண்டு பருவமழையையும் தாங்கி, எட்டுப் பத்து மாதத்தில் சேலம், ஆத்தூர் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. கடுக்காயோ மழை முழுக்க ஓய்ந்த பிறகுதான் பொறுக்கப்படுகிறது.

திராட்சைக்கு வழியே இல்லையா? மார்கழியில் கவாத்து செய்தால் தை மாத வறட்சியில் பூ தப்பிவிடும். கம்பத்தின் கோடை அறுவடைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆனால் பழம் பழுப்பது சித்திரையில். இரவுக் குளிர் போயிருக்கும், புளிப்பு கரையும். கோடை இடிமழை வேறு வரும். சாப்பிடும் திராட்சை இதைச் சமாளிக்கும், ஒயின் திராட்சைக்குக் கடினம். நாசிக்கில் சிலர் பந்தலுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மழையைத் தடுக்கிறார்கள். அந்தச் செலவைப் பெரிய தோட்டக்காரர்களே யோசித்துத்தான் செய்கிறார்கள். ஒன்றிரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் மலைவாசி விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது.